உதறாத தார்ப்பாய்

போலீஸ் வேலையில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இதுவரை ஓர் ஆளைப் பார்த்து நான் துப்பாக்கியை நீட்டியதில்லை. போடி பக்கம் எங்களுக்கு வாய்த்த வேலையெல்லாம் வேறு மாதிரி. திருவிழா பந்தோபஸ்து, வரப்புத் தகராறு, ஏலக்காய் மூட்டை களவு, போடிமெட்டு மலைச்சாலையில் வண்டி கவிழ்ந்தால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. ஆனாலும் வருடத்துக்கு ஒரு தடவை மலையடிவாரத்தில் இருக்கும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய், தார்ப்பாயில் குப்புறப் படுத்து, பத்து ரவுண்டு சுட்டுவிட்டு வந்தே ஆக வேண்டும்.

குண்டு டார்கெட்டில் பட்டதா மலையில் பட்டதா என்று அங்கே யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. கவலையெல்லாம் எம்ப்டியைப் பற்றித்தான். சுட்டதும் துப்பாக்கியிலிருந்து பக்கவாட்டில் தெறித்து விழும் பித்தளைக் கூட்டைத்தான் எம்ப்டி என்போம். விரல் நீளம் இருக்கும். பத்து ரவுண்டு வாங்கினால் பத்து எம்ப்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கிற வரைக்கும் வந்த ஆட்கள் மொத்தப் பேரும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். குண்டு போன இடத்தை யாரும் கேட்க மாட்டார்கள், கூடு போன இடத்தைத்தான் கேட்பார்கள். இதை நான் பல வருடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன்.

அவன் என்னோடு ஒரே பேட்சில் சேர்ந்தவன். நான் சிலமலை, அவன் குரங்கணி. இரண்டு பேரும் ஏட்டு ஆனோம், ஒரே ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தோம். ஒருவரையொருவர் மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அவன் மனைவிக்கு நான் அண்ணன். அவனுக்குக் குறி தவறாது. நான் பத்து சுட்டால் நாலு டார்கெட்டில் விழும், மிச்சம் மலைக்குப் போகும். "அந்த மலை உனக்கு என்னடா மாப்ளே பாவம் பண்ணுச்சு?" என்பான்.

எங்கள் ஆட்களுக்கு அவன்மேல் தனிப் பிரியம் உண்டு. அதற்குக் காரணம் அவன் குறி அல்ல, அவன் சட்டைப் பை. இதை இப்போது எழுதலாம். செத்தவனுக்கு மெமோ கொடுக்க முடியாது. எனக்குக் கொடுக்கலாம், கொடுக்கட்டும்.

ஒரு வருடம் ரேஞ்சில் ஒரு எம்ப்டி குறைந்து சாயங்காலம் வரை எங்களை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு அவன் மகளுக்குக் காதுகுத்து. இவன் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வருடம் புல்லுக்குள் இரண்டு எம்ப்டி கூடுதலாகக் கிடைத்தன. வேறு எந்த அணியோ எப்போதோ தொலைத்தவை. குறைந்தாலும் கூடினாலும் எழுத வேண்டும் என்பது விதி. அவன் எழுதவில்லை, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டான். அதிலிருந்து எப்போது கணக்கு இடித்தாலும் இவன் புல்லுக்குள் கொஞ்ச தூரம் நடந்துபோய்க் குனிவான். "இந்தா கெடக்குய்யா!" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டுவான். எல்லோரும் வீட்டுக்குப் போவோம். தொலைந்த நிஜ எம்ப்டி பிறகு என்றைக்காவது கண்ணில் பட்டால் அது அவன் பைக்குப் போகும். இருப்பு எப்போதும் இரண்டுதான். எங்கள் வட்டாரத்தில் இது தெரியாத போலீஸ்காரன் கிடையாது.

போன வருடப் பயிற்சியில் அவன் முதல் நாளே சுட்டு முடித்துவிட்டான். நான் முதுகுவலி, சாட்சி சொல்லக் கோர்ட்டு என்று இரண்டு நாள் தட்டிக்கழித்தேன். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் என்னைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு முந்தல் செக்போஸ்ட்டில் டூட்டி. போடிமெட்டிலிருந்து இறங்கும் கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் முடிந்து சாலை சமமாகிற இடம் அது.

"நீ போயி பத்து குண்டப் போட்டுட்டு வா மாப்ளே. செக்போஸ்ட்ட நான் பாத்துக்கிறேன்" என்றான் அவன். ஸ்டேஷன் வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. நான் ஏறப் போகும்போது சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "ரெண்டும் இங்கதான் இருக்கு. கொண்டு போறியா?"

"ஒன் களவாணிச் சாமான் எனக்கு எதுக்குடா? நீயே வச்சுப் பூசை பண்ணு" என்றேன்.

சிரித்தான். அவனிடம் நான் கடைசியாகப் பேசியது இதுதான்.

ரேஞ்சு ஒரு பாறைக் கரட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே போன் டவர் எடுக்காது, வயர்லெஸ்ஸும் கொரகொரவென்றுதான் இருக்கும். எடுக்காத போனையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு வேனில் வைத்துவிடுவார்கள். அன்றைக்கு நாங்கள் முப்பது பேர் இருந்தோம். என் முறை ஒன்பதரைக்கு வந்தது. வழக்கம்போல நாலு உள்ளே, ஆறு மலைக்கு. பத்து மணிக்கு எல்லோரும் சுட்டு முடித்து எம்ப்டியை எண்ணினார்கள். ஒன்று குறைந்தது.

"தார்ப்பாயெல்லாம் ஒதறிப் பாத்தாச்சா?" என்று கத்தினார் பயிற்சி நடத்திய ஆயுதப்படை எஸ்.ஐ.

ஆளுக்கு ஆள் உதறியாச்சு என்றார்கள். நானும் "ஒதறியாச்சுய்யா" என்றேன். நான் உதறவில்லை. முதுகுவலி, வெயில், நாலு குண்டுதான் பட்டது என்ற எரிச்சல். படுத்திருந்த தார்ப்பாயை அப்படியே நாலாக மடித்து வேனுக்குள் எறிந்திருந்தேன். அதைப் போய் எடுத்து விரித்து உதறக் கால் நிமிடம் ஆகும். அந்தக் கால் நிமிடத்துக்குச் சோம்பல்பட்டேன்.

தேடினோம். நெருஞ்சி முள்ளுக்கு நடுவில் முப்பது போலீஸ்காரர்கள் முழங்காலில் நின்று புல்லைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தோம். அவன் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆகியிருக்கும் என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டோம். பதினோரு மணி ஆனது. பதினொன்றரை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எஸ்.ஐ.யைத் திட்டினேன், டிபார்ட்மெண்டைத் திட்டினேன், பித்தளையைக் கண்டுபிடித்தவனைத் திட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு ஒரு கான்ஸ்டபிள், தலை சுற்றுகிறது என்று நிழலுக்காக வேனுக்குள் ஏறினார். உட்கார ஒரு தார்ப்பாயை இழுத்து விரித்தார். மடிப்புக்குள்ளிருந்து எம்ப்டி உருண்டு வேன் தரையில் விழுந்தது. ஒரே சிரிப்பு. "யாரு தார்ப்பாய்யா இது?" என்று கேட்டு, என்னுடையது என்று தெரிந்ததும் ஆளாளுக்கு என் முதுகில் ஒன்று வைத்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாயெல்லாம் கசக்கிறது.

வேன் கரட்டைச் சுற்றி மெயின் ரோட்டில் ஏறியதும் போன்களுக்கு டவர் வந்தது. துணிப்பை மொத்தமும் ஒரே நேரத்தில் அலறியது. ஒன்று நின்றால் இன்னொன்று. என்னுடையதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒரே எண்ணிலிருந்து மூன்று அழைப்பு வந்ததாகத் தகவல் இருந்தது. அவன் எண். முதல் அழைப்பு பத்தரைக்கு. என்ன நக்கல் பண்ணக் கூப்பிட்டானோ என்று நினைத்துக்கொண்டே திருப்பிக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் முன் சீட்டில் எங்கள் ஸ்டேஷன் எஸ்.ஐ. தன் போனைக் காதில் வைத்தபடி, "எப்ப? எப்பய்யா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் திரும்பி முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார்.

நடந்தது இவ்வளவுதான். மேலே எஸ்டேட்டில் நல்ல மழை, இன்றைக்கு வேலை இல்லை என்று காலையிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் பதினோரு பேரோடு ஒரு ஜீப்பு இறங்கி வந்திருக்கிறது. பிரேக் பிடிக்கவில்லை. கடைசி வளைவிலிருந்து ஹாரனை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறான் டிரைவர். சாலைக்குக் குறுக்கே நாங்கள் வைக்கும் இரும்புத் தடுப்பு இருந்தது. ஜீப்பு அதில் மோதினால் கவிழும். அவன் ஓடிப்போய்த் தடுப்பை இழுத்து ஓரத்தில் தள்ளியிருக்கிறான். தடுப்பு விலகிவிட்டது, அவன் விலகவில்லை. ஜீப்பு கொஞ்ச தூரம் போய் மணலில் ஏறி நின்றது. பதினோரு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

நாங்கள் தேனி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி ஆகப் போகிறது. பன்னிரண்டே காலுக்கு உயிர் போயிருந்தது. அதுவரை நினைவு இருந்ததாம், பேச்சு இருந்ததாம். முகத்தில் ஒரு காயம் இல்லை. காலையில் சவரம் செய்த முகம் அப்படியே இருந்தது. நான் அழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். என்ன நோட்டீஸ் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பத்து மணிக்கே எங்களை விட்டிருந்தால் பத்தே காலுக்கு நான் மெயின் ரோட்டில் இருந்திருப்பேன், முதல் அழைப்பை எடுத்திருப்பேன், பதினொன்றரைக்குள் அவன் பக்கத்தில் நின்றிருப்பேன். இந்தக் கணக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

மறுநாள் குரங்கணியில் அரசு மரியாதையோடு எரியூட்டினார்கள். ஆயுதப்படையினர் ஏழு பேர் வானத்தைப் பார்த்து மூன்று தடவை சுட்டார்கள். சத்தம் மலையில் முட்டித் திரும்பி வந்தது. முடிந்ததும் அந்த ஏழு பேரும் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்தார்கள். பொரிக்கும் பூவுக்கும் நடுவில் எம்ப்டி பொறுக்கினார்கள். இருபத்தொன்று இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஒண்ணு கொறையுதே."

எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. அப்படியே மண்ணில் விழுந்து தேட ஆரம்பித்தேன். சனங்களின் காலுக்கிடையில், நசுங்கிய சாமந்தியை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டுத் தேடினேன். பார்த்தவர்கள் நண்பன் போன துக்கத்தில் புரள்கிறேன் என்று நினைத்தார்கள். இரண்டு பேர் வந்து தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். "விடுங்கய்யா, தேடணும்!" என்று கத்தினேன். அது கடைசியில் ஒரு பெரியவரின் செருப்புக்கு அடியில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். இன்னும் சூடு இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்து ஒரு நாள் அவன் மனைவி கேட்டாள். அவளிடம் அவன் போனைக் கொடுத்திருந்தார்கள். "ஒங்களுக்குத்தாண்ணே மூணு தடவ போட்ருக்காரு. எனக்குக்கூடப் போடல. நீங்க ஏண்ணே எடுக்கல?"

"டவர் இல்லம்மா" என்றேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அவள் தலையை ஆட்டினாள். ஆனால் என் தூக்கம் அதோடு போனது. அடிபட்டுக் கிடந்தவன் பெண்டாட்டியைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நான் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேதான் போனானா? அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான், அவன் இல்லை.

இன்னொன்றும் உறுத்தியது. அவன் பையில் இருந்தவை என்று ஆஸ்பத்திரியில் கொடுத்த சாமான்களில் பர்ஸ், வாட்ச், விசில் எல்லாம் இருந்தன. எம்ப்டி இரண்டும் இல்லை. ரோட்டில் விழுந்திருக்கும் என்று முந்தலில் சாலையை ஒட்டிய ஓடையோரமாக இரண்டு நாள் தேடினேன். எங்கள் ஆட்கள் பயந்துபோய் இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டார்கள்.

அவர் என்னை மனநல வகுப்புக்கு அனுப்பினார். டாக்டரம்மா நல்லவர். மனதில் இருப்பதை ஒரு தாளில் எழுதிக் கிழித்துப் போடுங்கள் என்றார். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நான் தார்ப்பாய் என்று ஒரு சொல் எழுதினேன். கிழிக்கக் கை வரவில்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மடிப்பது மட்டும் எனக்கு நன்றாக வரும்.

பிறகு நானே கேட்டு முந்தல் செக்போஸ்ட்டுக்கு டூட்டி வாங்கிக்கொண்டேன். ஆறு மாதம் போயிருக்கும். ஒரு நாள் மாலை நாலு மணிக்கு மலையிலிருந்து ஜீப்புகள் வரிசையாக இறங்கின. ஒன்றிலிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இறங்கி வந்தார். சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, ஏலக்காய் பறித்துக் கறுத்த விரல்கள், கேரளா எஸ்டேட்டில் வேலை பார்த்து மலையாளம் கலந்த பேச்சு. அந்தப் பதினோரு பேரில் ஒருவர். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒரு துணி முடிச்சை என் கையில் வைத்தார்.

"கேஸ் கீஸ் போட்ராதீக சாரே. போலீசுக் குண்ட வச்சிருக்கான்னு சொல்லிருவாகளோன்னு பேடிச்சுக்கிட்டே இத்தன மாசம் வச்சிருந்தேன். மதி, போதும், இனி நம்மால தாங்க முடியாதுன்னு கொண்டாந்துட்டேன்."

அவிழ்த்தேன். இரண்டு எம்ப்டி. சுற்றியிருந்தது அவன் கைக்குட்டை.

 செக்போஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் நின்றபடியே சொன்னார்.

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போகையில அவரு தல ஏம் மடியிலதான் இருந்துச்சு. போனக் காதுல வச்சு வச்சுப் பாத்தாரு. வீட்டுக்கா சாரேன்னு கேட்டேன். 'வீட்டுக்குச் சொன்னா பதறிரும் ஆத்தா, ஏம் மாப்ளயக் கூப்புடுறேன், அவன் போயிப் பக்குவமாச் சொல்லுவான்'னாரு. மூணு தடவ போட்டாரு. அப்புறம் சிரிச்சாரு சாரே, அந்த வலியிலயும். 'எடுக்க மாட்டான். எம்ப்டி கொறஞ்சிருக்கும், தேடிக்கிட்டுக் கெடப்பானுக. சோம்பேறிப் பய, தார்ப்பாய ஒதறிருக்க மாட்டான்'னாரு. பையில கைய விட்டு இத எடுத்து எங்கிட்டக் குடுத்தாரு. 'இதக் கொண்டு போயி ரேஞ்சுல குடுத்துரு, அவன விட்ருவாக. வெரசா வரச் சொல்லு'ன்னாரு."

ஜீப்பிலிருந்து ஹாரன் அடித்தார்கள். அவர் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"ரேஞ்சு எங்கிட்டு இருக்குன்னு நான் என்னத்தக் கண்டேன் சாரே? ஆசுபத்திரியில படுக்க வச்ச பெறகு, குடுத்துட்டியான்னு கேட்டாரு. ஆளுட்ட குடுத்து விட்டாச்சு, வந்துக்கிட்டு இருக்காகன்னு பொய் சொன்னேன். அப்புறம் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு."

அவர் போன பிறகு எத்தனை வண்டிகளைப் பார்க்காமல் விட்டேன் என்று தெரியாது. நான் எடுக்கவில்லை என்று அவன் கோபித்துக்கொண்டு போகவில்லை. நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அது இப்படிப்பட்ட பதிலாக இருக்கும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன். என்னை எவ்வளவு தெரிந்து வைத்திருந்தான். கரட்டுக்குப் பின்னால் நான் செய்ததை மடியில் படுத்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். வருவேன் என்று வாசலைப் பார்த்திருக்கிறான்.

அப்படியே யூனிஃபார்மோடு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி வாசலில் காய்ந்த மிளகாயை அள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு எம்ப்டியையும் முறத்தின் ஓரத்தில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் அவன் கொடுத்ததை வேண்டாம் என்றது, உதறாமலே உதறியாச்சு என்றது, வேனில் சிரித்தது, அந்தப் பெண் சொன்னது. ஒன்றையும் குறைக்கவில்லை.

அவள் ஒரு எம்ப்டியை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா? ரெண்டு மணி நேரமாவாண்ணே?"

"ஆமாம்மா."

அவள் என் முகத்தைப் பார்க்காமலே மீதி மிளகாயை அள்ளி முடித்தாள். முறத்தை உள்ளே கொண்டு வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். இரண்டையும் முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினாள்.

"இத நீங்களே வச்சுக்கங்க. இனி எந்தப் பொம்பள வீட்டுக்காரனாச்சும் எங்கயாச்சும் வாசலப் பாத்துக்கிட்டுக் கெடப்பான். அவங்கிட்டயாச்சும் வெரசாப் போயிச் சேருங்க."

அடுத்த வாரம் இந்த வருடத்துப் பயிற்சி. இரண்டும் என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன. தார்ப்பாயையும் உதறுவேன்.